தர்மபுரியில் இருந்துகொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவது: எந்த வேலை, என்ன சம்பளம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் சேலத்தில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பா மரவள்ளி போடுகிறவர். சட்டைப் பையிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் நீவி வைத்தார். பின்பக்கம் பேனாவில் நான்கு வரி. தனியார் பள்ளி கவுன்சிலர் 18. அரசு ஒப்பந்தம் 23. பெங்களூர் ஆஸ்பத்திரி 40. எல்லாம் ஆயிரத்தில். நான்காவது வரியில் 'சொந்த கிளினிக்' என்று எழுதி, தொகை போடாமல் ஒரு கோடு இழுத்திருந்தார்.

"இதுல எதுங்க மேடம் நல்லது? நீங்க சொல்றதுலயே சேத்து விட்டுர்றேன்" என்றார்.

இதே கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சைக்காலஜி படிக்கப் போகிற பெண்பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். ஆனால் படித்து முடித்தவர்களுக்கு எந்த வழி எங்கே போகிறது என்று சொல்ல ஊரில் ஆளில்லை. நான் மூன்று வருடம் அரசு ஒப்பந்தத்தில் இருந்தேன். பிறகு இரண்டரை வருடம் பெங்களூரில். இப்போது வாரத்தில் பாதி ஒரு மனநல மருத்துவரின் கிளினிக்கில், பாதி என் சொந்த அறையில். அந்தத் தாளில் உள்ள நான்கில் மூன்றை நானே பார்த்துவிட்டேன் என்பதால், அன்று அவர்களிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, சம்பளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன். தலைப்பு: 'ஆளை யார் அனுப்புவார்?' நம் தொழிலில் ஒருவர் தானாக நம் வாசலுக்கு வருவது குறைவு. மனநல மருத்துவரோ, குழந்தை மருத்துவரோ, டீச்சரோ, கலெக்டர் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பியவரோ, யாராவது ஒருவர் அனுப்பித்தான் வருகிறார்கள். எந்த வேலையில் யார், எப்படிப்பட்ட ஆளை நம்மிடம் அனுப்புகிறார்கள் என்பதுதான் ஐந்து வருடம் கழித்து நம் வருமானத்தையும் கைத்திறனையும் தீர்மானிக்கிறது. முதல் மாதச் சம்பளத்தை மட்டும் வைத்து வேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தாளில் இல்லாத வரி

அதற்கும் முன்னால், தாளில் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. எம்.எஸ்சி. முடித்ததும் ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பிரச்சினைகளைச் சோதித்துப் பேச்சு வழியே சிகிச்சை தருகிற உளவியலாளர், ஆகிவிடுவதில்லை. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் வேண்டும். எல்லாரும் ஆர்.சி.ஐ. நம்பர் என்று சொல்வது இதைத்தான். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவில்லாமல் இந்த வேலையைச் செய்வது குற்றம். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் யார் என்று சொல்லும்போது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பைத்தான் கேட்கிறது. முதுகலைக்கு மேல் இரண்டு வருடம், முழுநேரம், நோயாளிகளோடு, ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் படிக்கிற படிப்பு அது.

இத்தனை நாள் அந்தப் படிப்பின் பெயர் எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். என்பதே எடுக்கப்பட்டுவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை நடத்திக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விலக்குக் கொடுத்தது. அதற்குப் பதிலாக எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. (உளவியல் முனைவர் பட்டம்) என்று படிப்புகள் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் இப்போது சேரப் போகிறவர்கள் படிப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த வருடம் மூன்றும் ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'கிளினிக்கல்' என்று பெயரில் வைத்துக்கொண்டு, ஆர்.சி.ஐ.க்குச் சம்பந்தமே இல்லாமல் நடக்கிற எம்.எஸ்சி. படிப்புகள் ஏராளம். அதில் லட்சங்கள் கட்டிவிட்டு என் முன்னால் அழுத பெண்கள் இரண்டு பேர்.

இன்னொன்று, நம் மாவட்டங்களுக்கு இது முக்கியம். கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு அஞ்சல் வழியில் சைக்காலஜி படித்தவர்கள் இங்கே நிறைய. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. யாராவது 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி' என்று நோட்டீஸ் கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

எங்கே படிக்கலாம்? சென்னைப் பக்கம் ஸ்ரீராமச்சந்திரா, எஸ்.ஆர்.எம்., முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். நமக்கு எல்லாவற்றையும்விடப் பக்கம் பெங்களூர் நிம்ஹான்ஸ். இந்தியாவில் இந்தப் பயிற்சி 1955-இல் முதன்முதலாகத் தொடங்கியதே அங்கேதான், அப்போது அதற்கு அகில இந்திய மனநல நிறுவனம் என்று பெயர். இடங்கள் கொஞ்சம், நுழைவுத்தேர்வு கடினம். ஆனால் உதவித்தொகை உண்டு. தனியாரில் அதே இரண்டு வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். ஒரு வருடப் பட்டயம் முடித்தவர்கள் 'அசோசியேட்' என்று பதிவாகிறார்கள். அவர்கள் இன்னொரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும், தனியாகப் பலகை மாட்ட முடியாது.

பதிவு எண் ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் அது நாடு முழுக்கச் செல்லும். ஓசூரில் போட்ட கையெழுத்து அத்திப்பள்ளி தாண்டியும் செல்லும். எல்லையோர மாவட்டத்துக்காரர்களான நமக்கு இது பெரிய வசதி.

பள்ளி கவுன்சிலர்: 18

இதற்குப் பதிவு எண் தேவைப்படுவதில்லை, அதனால் எம்.எஸ்சி. முடித்ததும் கிடைக்கிற முதல் வேலை இதுதான். தர்மபுரி, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் விடுதியோடு இருக்கும் பெரிய பள்ளிகள் ஆளெடுக்கின்றன. 15 முதல் 20 ஆயிரம் வரை தருகிறார்கள், சில இடத்தில் சாப்பாடு சேர்த்து.

ஆளை அனுப்புகிறவர் வகுப்பாசிரியர் அல்லது முதல்வர். அனுப்புகிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மார்க் குறைந்துவிட்டது. அந்தப் பிள்ளை தூக்கமில்லாமல் இருக்கிறதா, எழுத்துகள் குழம்புகிற கற்றல் குறைபாடா, வீட்டில் பிரச்சினையா என்பதெல்லாம் நாம் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கேட்கவும் சொல்லித் தரவும் நமக்கு மேலே ஒருவரும் இருக்க மாட்டார். 22 வயதில், விடுதியில் கையைக் கீறிக்கொண்ட ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளையின் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை. என்னிடம் படித்த ஒரு பெண் அப்படி இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தாள். நல்லவேளையாகச் செய்தாள்.

வீட்டைவிட்டு நகரவே முடியாத சூழ்நிலை என்றால் இந்த வேலை சரி. சேரும்போதே அருகிலுள்ள மனநல மருத்துவர் ஒருவரின் எண்ணையும், அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐயும் கைவசம் வைத்துக்கொண்டு சேருங்கள். ஆனால் இதில் ஐந்து வருடம் இருந்தாலும் ஆறாவது வருடம் உங்கள் கையில் புதிய திறமை எதுவும் சேர்ந்திருக்காது. இரண்டு வருடப் பயிற்சிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அரசு ஒப்பந்தம்: 23

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'அரசு' என்ற சொல்லைக் கேட்டதுமே நம் ஊர்ப் பெற்றோருக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒரு மனநல மருத்துவர், ஒரு சைக்காலஜிஸ்ட், ஒரு சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழு. அதுபோல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம். பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகள் அங்கே வருகிறார்கள், அங்கேயும் ஒரு சைக்காலஜிஸ்ட். ஆளெடுப்பது மாவட்ட நலச் சங்கம். தொகுப்பூதியம், 20 ஆயிரத்துக்குச் சற்று மேலே. 11 மாத ஒப்பந்தம், முடிந்ததும் புதுப்பிப்பார்கள். நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்வார்கள். மாவட்டத்துக்கு இப்படி ஓரிரு இடம்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டையும் சேர்த்தால்கூட விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் விலகினால்தான் இன்னொருவருக்கு.

என் மூன்று வருடத்தில் சம்பளம் இரண்டு, மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராமல் போனது பல முறை. நான் போன மருத்துவமனைகளில் ஒன்றில் எனக்கென்று அறையே கிடையாது. மருந்து வாங்க நிற்கும் வரிசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணிடம் 'ஏம்மா சாகணும்னு தோணுச்சு' என்று கேட்க வேண்டியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தாள். அந்த நாளின் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த வேலையை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காரணம், அந்த இரண்டாவது கட்டம். இங்கே ஆளை அனுப்புவது முழு மாவட்டம்.

பென்னாகரத்துக்கு மேலே மலைக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, ஒன்பது வயது மகனோடு வந்திருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர், கையில் இட்லிப் பொட்டலம். ஊரில் பையனுக்குப் பெயர் 'ஊமை'. பிள்ளையின் அறிவுத்திறனைப் பார்க்க உதவும் சேகுவின் பலகையை மேசைமேல் வைத்தேன். பத்து மரத்துண்டுகள்: வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று. பலகையில் அதே வடிவத்தில் பத்துக் குழி. முதல் தடவை பையன் துண்டுகளைத் தொடவே இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை மெதுவாக வைத்தான். மூன்றாவது தடவை நான் கடிகாரத்தை அழுத்தும் முன்பே கை போய்விட்டது, நட்சத்திரத்தை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்து வைத்தான். மூன்றில் எது குறைந்த நேரமோ அதைத்தான் கணக்கில் எடுப்போம். அவன் வயதுக்குச் சரியான நேரம் அது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. காதைச் சோதிக்க அனுப்பினோம், இரண்டு காதும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் யாரும் பார்க்கவில்லை.

பினே-காமத், வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், மாலின் நுண்ணறிவுத் தேர்வு என்று பாடத்தில் ஆளுக்கொரு தடவை செய்துபார்த்த தேர்வுகளையெல்லாம் இங்கே ஒரு வாரத்தில் இருபது பிள்ளைகளுக்குச் செய்வீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு 40 சதவீதம் என்ற கோடு இருக்கிறது. தமிழக அரசின் 2,000 ரூபாய் மாதப் பராமரிப்புத் தொகைக்கு அறிவுசார் குறைபாட்டின் அளவு பார்க்கிறார்கள். நீங்கள் எழுதுகிற எண்ணை வைத்து ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி வருகிறது, அல்லது வராமல் போகிறது. இந்தப் பொறுப்பும் இந்தப் பழக்கமும் பெங்களூரில் 40 ஆயிரம் வாங்கியபோது எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒன்றரை, இரண்டு வருடம் இருக்கலாம். இரண்டாவது புதுப்பித்தலோடு கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சம்பளம் அங்கேயே நிற்கும், வயது நிற்காது. 'எப்படியும் நிரந்தரம் செய்துவிடுவார்கள்' என்று பத்து வருடம் உட்கார்ந்திருப்பவர்கள் எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல வேலைக்காரர்கள், அதனால்தான் மனசு வலிக்கிறது.

நிரந்தர அரசு வேலையே இல்லையா என்று அந்த அப்பா கேட்டார். இருக்கிறது, மிகக் குறைவு. சிறைத்துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. எப்போதாவது உளவியலாளர் பணிக்கு அறிவிப்பு வெளியிடும். எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் ஊதிய நிலை 10, அடிப்படைச் சம்பளம் மட்டுமே 56,100. தர்மபுரியில் 2008-லிருந்தும் கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளியில் 2022-லிருந்தும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மனநலத் துறைக்கு ஆள் தேவைதான். ஆனால் அறிவிப்பு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க முடியாது. வந்தால் எழுதுங்கள், அதுவரை வேறு வேலையில் இருங்கள்.

பெங்களூர்: 40

பதிவு எண் உள்ள, அனுபவம் குறைந்த ஒருவருக்குப் பெங்களூரில் தனியார் மருத்துவமனைகள் 35 முதல் 50 ஆயிரம் வரை தருகின்றன. பதிவு இல்லாதவருக்கு இதில் பாதிதான். தாளில் அப்பா எழுதியிருந்த 40 பதிவு உள்ளவருக்கான தொகை என்று சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ஆயிரத்தில் பெண்கள் விடுதிக்குச் சாப்பாட்டோடு 12 ஆயிரம். பஸ், மெட்ரோ, மதியச் சாப்பாடு 6 ஆயிரம். மாதம் இருமுறை ஊருக்கு வர, இதர செலவு 4 ஆயிரம். மீதி 18. ஒப்பந்தத்தில் 23 வாங்கிக்கொண்டு அம்மா கையால் சாப்பிட்டு வீட்டிலிருந்து போய் வருகிறவருக்கும் அதே 18 மிஞ்சும். மாதக் கணக்கில் பெங்களூருக்கும் தர்மபுரிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தாளைப் பார்த்தால் 17 ஆயிரம் வித்தியாசம்போல் தெரியும், அவ்வளவுதான்.

பிறகு எதற்குப் போக வேண்டும்? மேற்பார்வைக்கு. பெரிய மருத்துவமனையில் உங்களிடம் ஆளை அனுப்புகிறவர்கள் மனநல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும். பக்கவாதம் வந்து ஞாபகம் போனவர், எண்ணச் சுழற்சி நோயில் ஒரு நாளைக்கு நாற்பது முறை கை கழுவுகிறவர், குடியை விடச் சேர்ந்திருப்பவர் என்று பாடப் புத்தகம் முழுக்க வரிசையாக வரும். வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவர் உங்கள் கேஸ் ஷீட்டை வரிவரியாகப் படித்து, 'இதை ஏன் கேட்கவில்லை?' என்று கேட்பார். அந்தக் கேள்வி கிடைக்கும் இடத்தில் சம்பளம் ஐந்தாயிரம் குறைந்தாலும் சேருங்கள். நேர்காணலில் நீங்களே கேட்டுவிடுங்கள்: எனக்கு மேற்பார்வை யார் தருவார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பதில் மழுப்பலாக வந்தால், அங்கே மாதத்துக்கு இத்தனை அமர்வு என்று இலக்கு மட்டும்தான் இருக்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பலம் உண்டு, அதை அவர்களே உணர்வதில்லை. தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்க்காரர்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்கிறார்கள். பேச்சுதான் மருந்து என்கிற தொழிலில் மூன்று மொழி என்பது எவ்வளவு பெரிய முதல்! பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தர்மபுரிக்காரர் ஒருவர் வார்டில் யாரிடமும் வாய் திறக்காமல் கிடந்தார். 'எந்தூருங்கண்ணா, அரூரா?' என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஓசூரில் தங்கிப் போய் வருவது நடுவழி. ஓசூர் வாடகை பெங்களூரைவிடக் குறைவு. 2025 ஆகஸ்ட்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்த பிறகு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டாமல் போக முடிகிறது. தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ரயிலும் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு அந்த வசதி கிடையாது, பஸ்தான்.

ஓசூர் என்றதும் தொழிற்சாலைகளையும் சொல்ல வேண்டும். ஓசூரைச் சுற்றியும் பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கமும் ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகக் கவுன்சிலர் எடுக்கிற நிறுவனங்கள் வந்துவிட்டன, சம்பளமும் பள்ளியைவிட நன்றாக இருக்கிறது. அங்கே ஆளை அனுப்புகிறவர் மனிதவள அதிகாரி. அந்தப் பெண் உங்களிடம் சொன்னதை அதே அதிகாரி கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சொல்ல மாட்டேன் என்ற நிபந்தனையை ஏற்றால் மட்டும் சேருங்கள்.

சொந்த கிளினிக்: தொகை எழுதாத கோடு

அந்த அப்பா தொகை எழுதாமல் விட்டது சரிதான். முதல் வருடம் இதில் வருமானம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள் கஷ்டப்படுகிறார்கள்.

தர்மபுரி டவுனில் ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் வாங்கலாம். பெங்களூரில் அதற்கே ஆயிரத்துக்கு மேல். 500 கொடுக்கிறவரும் இரண்டு விஷயம் கேட்பார்: "ஒரே தடவையில சரியாயிடுமாங்க?", "மாத்திரை எதுவும் எழுதலைங்களா?" மணிக்கணக்கில் பேசியதற்குப் பணம் கொடுப்பது நம் ஊரில் இன்னும் பழகவில்லை, அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பென்னாகரத்திலிருந்து வாராவாரம் வர வேண்டும் என்றால் ஒரு நாள் கூலியும் இரண்டு பேர் பஸ் காசும் போகிறது. அமர்வுக்கு 500, கூலிக்கு 500, பஸ்ஸுக்கு நூறு. அதனால் நான் எட்டு அமர்வில் செய்வதை நான்காகச் சுருக்கவும், நடுவில் போனில் பேசவும் பழகிக்கொண்டேன்.

இங்கே கிளினிக்கைத் தாங்கி நிறுத்துவது மதிப்பீட்டு வேலை. நுண்ணறிவுத் தேர்வு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு இவற்றுக்குத் தேர்வு செய்து எழுதிக் கொடுக்கும் அறிக்கை. ஒன்றுக்கு 1,500 முதல் 2,500 வரை வாங்க முடிகிறது, ஏனென்றால் கையில் ஒரு தாள் கிடைக்கிறது, பள்ளிக்கூடத்தில் காட்டலாம். அந்தத் தாளில் ஆர்.சி.ஐ. நம்பர் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. மறுபடியும் தாளில் இல்லாத அந்த ஐந்தாவது வரிக்கே வந்துவிட்டோம்.

ஆளை அனுப்புகிறவர்? நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். நான் முதல் ஆறு மாதம் செய்தது இதுதான். தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலத்தில் உள்ள குழந்தை மருத்துவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளோடு வரிசையில் உட்கார்ந்து. சிறப்புப் பள்ளி டீச்சர்களிடம் பேசினேன். அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி அனுப்பினேன்: என்ன பார்த்தேன், என்ன செய்யப் போகிறேன், மருந்து தேவையா என்று நீங்கள் பாருங்கள். அந்தக் கடிதம்தான் அடுத்த பிள்ளையைக் கொண்டுவந்தது. ஒரு வருடம் கழித்து ஒரு மனநல மருத்துவர் தன் கிளினிக்கிலேயே வாரம் மூன்று மாலை உட்காரச் சொன்னார். வருமானத்தில் எனக்கு 60 பங்கு, அவருக்கு 40. வாடகை இல்லை, ஆள் தேடும் வேலை இல்லை. பக்கத்து அறையில் மருத்துவர் இருப்பதால், தற்கொலை எண்ணத்தோடு வருகிறவரை வைத்துக்கொண்டு நான் தனியாகத் திண்டாடுவதும் இல்லை. தனியாகப் பலகை மாட்டுவதைவிட இது பத்து மடங்கு மேல்.

இரவு எட்டு மணிக்கு மேல் ஆன்லைனில் சில அமர்வுகள் வருகின்றன. பெரும்பாலும் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், பெங்களூர்க் கட்டணம் கொடுப்பவர்கள். பெங்களூரில் வேலை பார்த்தபோது என்னைத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அவர்களும் வந்தார்கள்.

எல்லாம் சேர்த்து, நான்காவது வருடத்திலிருந்து பெங்களூரில் நான் வாங்கிய சம்பளத்தைவிட அதிகம் வருகிறது, தர்மபுரிச் செலவில். முதல் இரண்டு வருடம் அதில் பாதிகூட வரவில்லை, வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்ததால் தாங்கினேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன வரிசை

முதலில் பதிவு தரும் இரண்டு வருடப் பயிற்சி. அதற்கு இடம் கிடைக்கும் வரை பள்ளி வேலை, அதிகபட்சம் ஒரு வருடம். பயிற்சி முடிந்ததும் பெங்களூரில் நல்ல மேற்பார்வை உள்ள இடத்தில் இரண்டு வருடம். அப்புறம் ஊருக்கு வந்து ஒப்பந்த இடம் காலியாக இருந்தால் ஒன்றரை வருடம், மாவட்டம் முழுக்க உன்னைத் தெரிந்துகொள்ளட்டும். அதன் பிறகு ஒரு மனநல மருத்துவரோடு சேர்ந்து கிளினிக்.

நான் இதையே தலைகீழாகச் செய்தேன், ஒப்பந்தம் முதலில், பெங்களூர் பிறகு. மேற்பார்வை இல்லாமல் முதல் மூன்று வருடத்தில் எழுதிய சில அறிக்கைகளை இப்போது எடுத்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதனால்தான் பெங்களூரை முன்னால் வைக்கிறேன். கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கும், வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறவர்களுக்கும் இந்த வரிசை ஒத்துவராது. அவர்கள் ஒப்பந்தத்தில் சேர்ந்து, பெங்களூரிலோ சேலத்திலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் மாதம் இருமுறை காசு கொடுத்தாவது கேஸ்களைப் பேசட்டும்.

அப்பா தாளை வாங்கி, எல்லா வருடத்தையும் கூட்டினார். "அப்ப கிளினிக் வைக்க ஆறு, ஏழு வருஷம் ஆகுங்களா மேடம்? கல்யாணம்?" என்றார். மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்: "அப்பா, அது நடுவுல எங்க வேணா வரட்டும்ப்பா. இந்த ரெண்டு வருஷப் படிப்பு மட்டும் முன்னாடியே முடிஞ்சிரணும்." என்னைப் பார்த்து, "நுழைவுத்தேர்வுக்கு எந்தப் புத்தகம் படிக்கட்டும்க்கா?" என்று கேட்டாள்.

என் அலமாரியிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். அப்பா வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"அந்த நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டுல தானுங்க இருக்கு?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப நம்ம ஊரு பஸ்ஸு அந்த வழியாத்தான் போவும். நானே கூட்டிட்டுப் போயி இறக்கி விட்டுர்றேன்" என்றார்.